அதிபரின் தாடை

1893 ஜூன் மாதம் வாஷிங்டனில் இருந்த ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்கு ஒரு சிறு சதைத் துணுக்கு பரிசோதனைக்கு வந்தது. யாருடைய சதை என்று சொல்லப்படவில்லை. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் புகழ்பெற்ற நோயியல் நிபுணர் வில்லியம் வெல்ச்சிடமும் கருத்துக் கேட்டார்கள். அவரிடமும் நோயாளியின் பெயரைச் சொல்லவில்லை. புற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற பதில்தான் வந்து சேர்ந்தது.

துணுக்கு வெட்டப்பட்ட இடம் அமெரிக்க அதிபர் குரோவர் கிளீவ்லாந்தின் மேலண்ணம். மே மாதத்திலேயே இடது பக்கம் ஏதோ சொரசொரப்பாக நாக்கில் தட்டுப்படுவதை அவர் கவனித்திருந்தார். விடாமல் சுருட்டு பிடிப்பவர், 56 வயது, பருத்த உடம்பு. வெள்ளை மாளிகையின் மருத்துவர் ஓ ரைலி ஜூன் 18 அன்று வாயைத் திறந்து பார்த்தபோது புண் கால் டாலர் நாணயத்தின் அளவுக்கு வளர்ந்திருந்தது. அதிபரின் நெருங்கிய நண்பரும் நியூயார்க்கின் அறுவை மருத்துவருமான ஜோசப் பிரயன்ட் வந்து பார்த்தார். இது என் வாயில் இருந்தால் உடனே எடுத்துவிடுவேன் என்ற பொருளில் அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

எடுத்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. யாருக்கும் தெரியக்கூடாது என்பதும் அதோடு சேர்ந்தே தீர்மானமாயிற்று. ஏன் இவ்வளவு ரகசியம் என்பது விளங்க, அந்த வருடத்தின் நாட்டு நிலைமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பிப்ரவரியில் பிலடெல்பியா – ரீடிங் ரயில்வே நிறுவனம் திவாலானது. மே மாதம் பங்குச் சந்தை சரிந்தது. அந்த வருடத்தில் மட்டும் 500 வங்கிகள் வரை மூழ்கின. இந்தச் சரிவுக்கு மூலகாரணம் 1890-இல் வந்த வெள்ளிக் கொள்முதல் சட்டம் என்று கிளீவ்லாந்து உறுதியாக நம்பினார். அந்தச் சட்டப்படி அரசாங்கம் மாதம் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளியை வாங்கியே தீர வேண்டும். வெள்ளிக்குப் பதில் கொடுக்கும் நோட்டுகளை ஜனங்கள் கருவூலத்தில் நீட்டித் தங்கமாக மாற்றிக்கொண்டு போனார்கள். ஏப்ரலில் அரசின் தங்க இருப்பு 10 கோடி டாலருக்குக் கீழே இறங்கியதும் பீதி பரவியது. சட்டத்தை ரத்து செய்ய ஆகஸ்ட் 7 அன்று காங்கிரஸின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டுவதாக ஜூன் 30-ஆம் தேதி கிளீவ்லாந்து அறிவித்தார். அன்று மாலையே வாஷிங்டனை விட்டு ரயில் ஏறினார்.

அவருடைய துணை அதிபர் அட்லாய் ஸ்டீவன்சன் வெள்ளிப் பக்கம் சாய்ந்தவர் என்று பெயர் எடுத்தவர். கிளீவ்லாந்துக்கு ஏதாவது ஆனால் நாற்காலி அவருக்கு; தங்கத்தின் கதி என்ன ஆகும் என்று சந்தை கலங்கும். அதனால் அந்த ஸ்டீவன்சனுக்கே விஷயம் தெரிவிக்கப்படவில்லை. அதிபர் மயக்க மருந்தில் கிடக்கும்போது நாட்டுக்கு யார் பொறுப்பு என்பதற்கு அன்று தெளிவான விதியும் கிடையாது. அதற்கு வழி சொல்லும் 25-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் ஏறியது 1967-இல்தான்.

இது அரசியல் காரணம். கிளீவ்லாந்துக்குள் இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 1881-இல் அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டு இரண்டரை மாதம் படுக்கையில் கிடந்தார். நாடித்துடிப்பு எத்தனை, காய்ச்சல் எத்தனை என்று தினமும் அறிக்கை வந்தது. ஊரே கூடி நின்று வாசித்தது. அடுத்து யுலிசஸ் கிராண்ட். முன்னாள் அதிபர், உள்நாட்டுப் போரின் தளபதி. அவருக்கும் சுருட்டுப் பழக்கம், அவருக்கும் புற்றுநோய், தொண்டையில். அவருடைய நியூயார்க் வீட்டுக்கு எதிரே நிருபர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஒவ்வொரு இருமலும் செய்தி. 1885 ஜூலையில் கிராண்ட் இறந்தார். ஆகஸ்டில் நடந்த பிரம்மாண்டமான இறுதி ஊர்வலத்தில் அதிபராகக் கலந்துகொண்டவர் இதே கிளீவ்லாந்து. மறு வருடம் அவர் பிரான்சஸ் ஃபால்சமை மணந்து மேரிலாந்தின் டீர் பார்க்குக்குத் தேனிலவு போனபோது நிருபர்கள் பின்னாலேயே போய் தொலைநோக்கி வைத்து வீட்டைப் பார்த்தார்கள். அந்தக் கோபம் அவருக்கு ஆயுசுக்கும் தணியவில்லை. தன் சாவையும் இவர்கள் இப்படிக் காவல் காத்து எழுதுவார்கள் என்று ஒரு மனிதர் அஞ்சியதில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நியூயார்க் துறைமுகத்தில் ஒனைடா என்ற உல்லாசக் கப்பல் காத்திருந்தது. அதிபரின் நண்பரும் வங்கியாளருமான எலியாஸ் பெனடிக்டுடையது. அந்தக் கப்பலில் கிளீவ்லாந்து எத்தனையோ தடவை மீன்பிடிக்கப் போயிருக்கிறார். அதனால் அவர் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. மருத்துவர்கள் தனித்தனியாக வந்து ஏறினார்கள். பிலடெல்பியாவிலிருந்து வில்லியம் கீன். பிரயன்டின் உதவியாளர் எர்ட்மன். நாடி பார்க்க எட்வர்ட் ஜேன்வே. பல் பிடுங்கவும் மயக்க வாயு கொடுக்கவும் ஃபெர்டினண்ட் ஹாஸ்புரூக் என்ற பல் மருத்துவர். ஓ ரைலியும் பிரயன்டும் இவர்களோடு. இரவு மேல்தளத்தில் உட்கார்ந்து சுருட்டைப் புகைத்தபடி, வேலை கேட்டு மொய்க்கிறவர்கள் கனவில்கூடத் தன்னை விடுவதில்லை என்று கிளீவ்லாந்து புலம்பியதாகக் கீன் எழுதியிருக்கிறார். பிரயன்டின் பதற்றம் வேறு மாதிரி. பாறையில் மோதுவதானால் பலமாக மோது, எல்லோரும் சேர்ந்தே மூழ்கிவிடலாம் என்று கப்பல் தலைவரிடம் சொன்னாராம். நோயாளி செத்துப்போனால் ஊருக்கு என்ன பதில் சொல்வது என்ற கலக்கம் அந்தப் பேச்சில் தெரிகிறது.

மறுநாள் ஜூலை 1. கப்பல் ஈஸ்ட் நதியில் நிதானமாகப் போனது. பெல்வியூ மருத்துவமனையைக் கடக்கும்போது மருத்துவர்கள் மேல்தளத்தை விட்டு உள்ளே போய்விட்டார்கள். கரையிலிருந்து தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் எல்லாம் பாழ். கீழே கூடத்தைக் கிருமிநாசினி போட்டுச் சுத்தம் செய்திருந்தார்கள். நடுவில் பாய்மரத் தண்டின் அடிப்பாகம் கூடத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும். அதோடு ஒரு நாற்காலியைக் கட்டி அதில் அதிபரை உட்கார வைத்தார்கள். வெளிச்சத்துக்கு ஒரே ஒரு மின்விளக்கு. நண்பகலுக்குக் கொஞ்ச நேரம் கழித்து வேலை ஆரம்பித்தது. ஹாஸ்புரூக் நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுத்து இரண்டு பற்களைப் பிடுங்கினார். பிறகு ஈதர். அந்தப் பருத்த உடம்பும் ஓய்ந்த இதயமும் ஈதரைத் தாங்குமா என்பதுதான் எல்லோருக்கும் இருந்த பயம்.

வெளியே தெரியும்படி ஒரு கீறல்கூட விழக்கூடாது, அந்தப் பெரிய மீசையின் ஒரு முடிகூட மழிக்கக்கூடாது. எல்லாவற்றையும் வாய்க்குள்ளேயே செய்தாக வேண்டும். அதற்குக் கீன் ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். கன்னத்தை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கும் உலோகக் கொக்கி. இளம் வயதில் பாரிஸில் வாங்கியது. கன்னம் விலகிய அந்த இடைவெளியில் பிரயன்ட் வெட்டினார். முன்கடைவாய்ப் பல்லிலிருந்து கடைசிப் பல் வரைக்கும் இடது மேல்தாடையின் பெரும்பகுதி வெளியே வந்தது. மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்குள்ளும் கட்டி புகுந்திருந்தது. கோழை போன்ற சதை. அதையும் எடுத்தார்கள். கண்ணைத் தாங்கும் எலும்புத் தளத்தைத் தொடவில்லை. தொட்டிருந்தால் கண் கீழே இறங்கி முகம் காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்து பஞ்சும் துணியும் வைத்துப் பள்ளத்தை அடைத்தாயிற்று. ஆடும் கப்பலில், ஒரே விளக்கில், ஒன்றரை மணி நேரத்துக்குள் இதைச் செய்து முடித்த அந்தக் கைகளை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

கப்பல் ஊழியர்களிடம் சொன்ன கதை: அதிபருக்கு இரண்டு சொத்தைப் பற்கள் எடுத்தார்கள். வெட்டியெடுத்த எலும்பையும் சதையையும் யாரும் கடலில் வீசவில்லை. அழித்துவிட வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா தெரியாது. மருத்துவர்களின் பழக்கம் அது இல்லை. பிற்காலப் பரிசோதனைக்கு வேண்டும் என்று பத்திரப்படுத்தினார்கள். நாட்டின் மிகப் பெரிய ரகசியத்துக்கு இருந்த ஒரே தடயம் மருத்துவர்கள் வசம் போயிற்று.

ஜூலை 5 அன்று கிளீவ்லாந்து மாசசூசெட்ஸில் பஸர்ட்ஸ் விரிகுடாக் கரையில் இருந்த தம் கோடைக்கால வீட்டுக்கு வந்து இறங்கினார். நடந்தேதான் போனார். வாயில் துணி அடைத்திருந்தால் பேச்சு ஓரளவு புரியும். எடுத்துவிட்டால் ஒன்றும் விளங்காது. நியூயார்க்கிலிருந்து காசன் கிப்சன் என்ற பல் மருத்துவர் வந்து, பள்ளத்தின் அச்செடுத்து, வல்கனைஸ் செய்த ரப்பரில் ஒரு அண்ணம் செய்து மாட்டினார். குரல் பழையபடி ஆனது. ஜூலை 17 அன்று மீண்டும் ஒனைடாவில் ஏற்றி, சந்தேகமாகத் தெரிந்த இன்னும் கொஞ்சம் சதையையும் எடுத்தார்கள்.

இதற்குள் வதந்தி கிளம்பிவிட்டது. வீட்டு வாசலில் நிருபர்கள். போர்த்துறை அமைச்சர் டேனியல் லமான்ட் அவர்களைக் கூப்பிட்டு, அதிபருக்கு வாத நோய், கொஞ்சம் பல் உபத்திரவம், வேறொன்றும் இல்லை என்றார். கிளீவ்லாந்தின் வாயிலிருந்து வந்தால் நம்பலாம் என்ற பேர் அவருக்கு ஊரில் இருந்தது. 1884 தேர்தலில் சொந்த வாழ்க்கை பற்றிய பழி எழுந்தபோதுகூட, உண்மையையே சொல்லுங்கள் என்று நண்பர்களுக்குத் தந்தி கொடுத்தவர். அந்த நல்ல பேரைத்தான் லமான்ட் முதலீடாகப் போட்டார். எர்ட்மன் பின்னாளில், தன் ஆயுளில் மற்ற காலமெல்லாம் சொன்ன பொய்யைவிட அந்த நாட்களில் சொன்ன பொய் அதிகம் என்றார்.

விஷயம் கசிந்தது ஹாஸ்புரூக் மூலம். ஜூலை 2 அன்று அவரைக் கனெக்டிகட்டின் நியூ லண்டனில் கரையில் இறக்கிவிட்டார்கள். கிரீன்விச்சில் அவர் மயக்க மருந்து கொடுக்க வேண்டிய வேறொரு அறுவை சிகிச்சைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். கோபத்தில் இருந்த மருத்துவரிடம் தாமதத்துக்குக் காரணம் சொல்லப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நோயாளியின் ரகசியத்தைக் காக்கிற கடமை அவருக்கு உண்டு, அதைத் தவறினார். மருத்துவர் வட்டத்தில் வாய் மாறி வாய் மாறி அது ஒரு பத்திரிகையாளர் காதுக்குப் போனது.

அவர் எலிஷா ஜே எட்வர்ட்ஸ். ஹாலண்ட் என்ற புனைபெயரில் பிலடெல்பியா பிரஸ் நாளிதழுக்கு நியூயார்க்கிலிருந்து எழுதுபவர். கேட்டதை அப்படியே எழுதவில்லை. ஹாஸ்புரூக்கை நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டார். 1893 ஆகஸ்ட் 29 அன்று செய்தி வந்தது. கப்பல், மருத்துவர்கள், தாடை, ஈதர் எல்லாம் ஏறக்குறைய சரி. முந்தைய நாள்தான் பிரதிநிதிகள் சபையில் வெள்ளிச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதா நிறைவேறியிருந்தது, செனட் பாக்கி.

வெள்ளை மாளிகை முழுமையாக மறுத்தது. அதிபரின் நண்பர்களான பத்திரிகை ஆசிரியர்கள் தங்கள் பத்திரிகைகளில் மறுத்தார்கள். பிலடெல்பியாவில் போட்டிப் பத்திரிகை எட்வர்ட்ஸைப் பொய்யர் என்றும் தொழிலுக்கே அவமானம் என்றும் சாடியது. செப்டம்பர் 5 அன்று கிளீவ்லாந்து மருத்துவ மாநாடு ஒன்றைத் தொடங்கிவைத்துக் கணீரென்று பேசினார். கேட்டவர்களுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ரப்பர் அண்ணம் தன் வேலையைச் செய்தது. நான்கு நாள் கழித்து வெள்ளை மாளிகையில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பத்திரிகைகள் அந்தப் பக்கம் திரும்பின. நவம்பர் 1 அன்று வெள்ளிச் சட்டம் ரத்தானது.

லண்டனில் தூதராக இருந்த தம் நண்பர் தாமஸ் பேயர்டுக்குக் கிளீவ்லாந்து ஒரு தனிக் கடிதம் எழுதினார். அதில் உண்மையை ஒப்புக்கொண்டு, இங்கே எங்கள் வழி அந்தச் செய்தியை மறுப்பதும் எழுதியவரை யாரும் நம்பாதபடி செய்வதும்தான் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில்தான் என் பரிவு அவரை விட்டு விலகுகிறது. என் வாய் என் சொந்தம், உங்களுக்குச் சொல்ல மாட்டேன் என்று அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால், அதிபருக்கு அந்த உரிமை எவ்வளவு தூரம் உண்டு என்று நாம் வாதிட்டுக்கொண்டிருக்கலாம். நாட்டின் பணமே அவர் தாடையில் தொங்கியபோது கொஞ்சமாவது சொல்லியிருக்க வேண்டும் என்பேன். இன்னொருவர் வேறு சொல்வார். ஆனால் சரியாக எழுதிய ஒருவரைப் பொய்யர் ஆக்குவது அந்தரங்கத்தைக் காப்பதில் சேராது. நோயாளி தன் கதவைச் சாத்திக்கொள்ளலாம். வாசலில் நின்ற மனிதரின் நாணயத்தை அந்தக் கதவிடுக்கில் வைத்து நசுக்கக்கூடாது. அது நடந்தது. 24 வருடம் எட்வர்ட்ஸ் அந்தப் பழியைச் சுமந்தார்.

கிளீவ்லாந்து நலமாகவே இருந்தார். பதவிக்காலம் முடிந்து பிரின்ஸ்டனில் குடியேறினார். 1908 ஜூன் 24 அன்று இறந்தார்; தாடையில் நோய் திரும்ப வரவில்லை. ஜேன்வே, பிரயன்ட், ஹாஸ்புரூக், ஓ ரைலி ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியவர்கள் கீனும் எர்ட்மனும்.

1917 செப்டம்பரில், 80 வயது ஆன கீன், சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் முழுக் கதையையும் எழுதினார். கப்பல், நாற்காலி, ஈதர் கொடுத்த நேரம், எடுத்த பற்கள் எல்லாம் அதில் இருந்தன. எட்வர்ட்ஸ் எழுதியது சாராம்சத்தில் உண்மை என்று அச்சில் ஒப்புக்கொண்டார். எட்வர்ட்ஸ் அப்போது உயிரோடு இருந்தார். கீனுக்கு நன்றி தெரிவித்தார். பொய்யர் என்று வசைபாடிய பத்திரிகைகள் 24 வருடம் முன்னால் எழுதியதை எந்த வாசகரும் திரும்பப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் வாழ்நாளுக்குள் அந்த ஒப்புதல் கிடைத்ததே, அதில் எனக்கு ஆறுதல்.

அத்தோடு கீன் இன்னொன்றும் செய்தார். பிலடெல்பியா மருத்துவர் கல்லூரியின் மூட்டர் அருங்காட்சியகத்துக்கு அந்தத் தாடைக் கட்டியையும் கன்னத்தை இழுத்துப் பிடித்த கொக்கியையும் கொடுத்துவிட்டார். ஒட்டிப் பிறந்த இரட்டையர் சாங் – எங் இருவரின் இணைந்த கல்லீரல் இருக்கும் இடம் அது. அந்த வரிசையில் அதிபரின் தாடையும் கண்ணாடி ஜாடியில் ஏறியது, இந்தத் தடவை பெயரோடு. துணை அதிபரிடம்கூடச் சொல்லாததை இப்போது நுழைவுச்சீட்டு வாங்கிய யாரும் குனிந்து பார்க்கலாம்: வெளிறிப்போன, உருவம் சொல்ல முடியாத சதைத் துண்டுகள். கிளீவ்லாந்து இதற்குச் சம்மதித்திருப்பாரா? நிச்சயம் மாட்டார். கீனும் அதை யோசிக்காமல் இருந்திருக்க முடியாது. மறைத்ததில் பங்கெடுத்தவர் என்ற முறையில் சான்றையும் ஒப்படைப்பதே சரி என்று அவர் முடிவு செய்திருக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் இருக்கும் மனித உடற்பகுதிகளை எந்த உரிமையில் காட்சிக்கு வைக்கிறோம் என்ற கேள்வியை மூட்டர் நிர்வாகமே சமீப வருடங்களில் எழுப்பிப் பரிசீலித்திருக்கிறது. அதிபர்களும் அந்தக் கேள்வியில் அடங்குவார்கள்.

கீனுக்கு அதிபர்களின் நோயோடு இருந்த தொடர்பு இத்தோடு முடியவில்லை. 1921-இல் காம்பபெல்லோ தீவில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கால்கள் செயலிழந்தபோது, பக்கத்தில் விடுமுறையில் இருந்த கீனைத்தான் அழைத்து வந்தார்கள். போலியோ என்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை. ரத்தக் கட்டு என்று நினைத்தார். பிறகு அதிபரான ரூஸ்வெல்ட், நடக்க முடியாத நிலையை மக்கள் கண்ணில் படாமல் எத்தனை சாமர்த்தியமாக மறைத்தார் என்பது தனிக் கதை.

ஜாடியில் இருந்த தாடைக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. கீனின் கட்டுரை வந்த பிறகும் ஊகங்கள் ஓயவில்லை. அவை மருத்துவர்களிடம் இடம் மாறின. பிரயன்டும் கீனும் சொன்னபடி அது கொடிய புற்றுநோய் என்றால், எப்படி 15 வருடம் திரும்பி வராமல் இருந்தது? புற்றுநோயே இல்லை, பல் சம்பந்தப்பட்ட சாதாரணக் கட்டி என்றார் ஒருவர். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி என்றார் இன்னொருவர். அப்படியானால் அந்த ரகசியக் கப்பல், அந்தப் பொய்கள், எட்வர்ட்ஸுக்கு வந்த பழி எல்லாமே தேவையில்லாத ஒரு அறுவை சிகிச்சைக்காக நடந்தவை ஆகும். 1975-இல் ஜாடியிலிருந்து திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க அனுமதி கிடைத்தது. 1980-இல் முடிவு வெளிவந்தது. வெருக்கஸ் கார்சினோமா என்ற வகைப் புற்றுநோய். மெதுவாக வளரும், அக்கம் பக்கத்தை அரிக்கும், தொலைவான உறுப்புகளுக்கு அநேகமாகப் பரவாது. முழுமையாக வெட்டியெடுத்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. இப்படி ஒரு வகை தனியாக உண்டு என்று மருத்துவ உலகம் விவரித்ததே 1948-இல்தான். 1893-இல் நுண்ணோக்கியில் கண் வைத்தவர்கள் அதைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டிருக்க வழியில்லை. அவர்கள் சொன்னது சரி, எடுக்கச் சொன்னதும் சரி. பிரயன்ட் அந்தத் துண்டுகளை அன்று கடலில் வீசியிருந்தால் இதை நிரூபிக்க யாராலும் முடிந்திருக்காது.